கத்தோலிக்கப் பாடசாலையில் எங்கட பிள்ளைகள்: சீருடைக்கு அப்பால் என்ன?

ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் இருக்கிற தமிழ்ப் பெற்றோரிடம், "உங்கட பிள்ளையை ஏன் கத்தோலிக்கப் பாடசாலைக்கு விட்டனீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "கட்டுப்பாடு இருக்கு, யூனிபோர்ம் இருக்கு, படிப்பும் நல்லம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். "அப்ப சமயம்?" என்றால், "அதுவும் ஒரு பாடந்தானே, படிக்கட்டும்" என்பார்கள். நானும் ஒரு சைவத் தாய்தான். என் இரண்டு மகள்மாரும் இங்கே ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலையில்தான் படித்தார்கள். அந்த "ஒரு பாடந்தானே" என்ற பேச்சைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பாடசாலைகள் அரசாங்கப் பணத்தில் நடக்கின்றன. 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 93ஆம் பிரிவு கொடுத்த பாதுகாப்பு அது. 1986இல் வந்த சட்டத்தோடு உயர்நிலை வகுப்புகள் முழுவதற்கும் நிதி நீண்டது. எந்தச் சமயத்துப் பிள்ளைக்கும் அந்த வகுப்புகளின் கதவு திறந்தது. ஒரு சமயத்துக்கு மட்டும் இந்த நிதி கொடுப்பது பாகுபாடு என்று 1999இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. அந்த வாதம் ஒருபுறம் நடக்கட்டும். அந்த வகுப்பறையில் இன்றைக்கு இருக்கிற பிள்ளைதான் என்னுடைய கவலை.

காலையில் ஒலிபெருக்கியில் செபம், சமய பாடம், விசேட நாட்களில் திருப்பலி, தியான நாள், தவக்காலத்தில் ஏழைகளுக்கான சேகரிப்பு. இவை எல்லாம் அங்கே உண்டு. ஆனால் இவற்றில் கலந்துகொண்டால் மட்டும் பிள்ளையின் ஆன்மீகம் வளர்ந்துவிடுமா?

என் இளையவளின் வகுப்பில் ஒரு முறை செபத்தை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கப் புள்ளி கொடுத்தார்கள். முழுப் புள்ளி எடுத்தாள். ஒரு கிழமையில் செபமும் மறந்துபோனது. மூத்தவள் 11ஆம் வகுப்பில் உலகச் சமயங்கள் என்ற பாடம் எடுத்தாள். ஒரு வீட்டில் மரணம் நடந்தால் என்ன செய்வீர்கள், ஏன் செய்வீர்கள் என்று வீட்டில் கேட்டு எழுதி வரச் சொன்னார் ஆசிரியர். "அம்மா, நாங்கள் ஏன் அந்தியேட்டி செய்யிறனாங்கள்?" என்று வந்து நின்றாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மிச்சத்தை அம்மம்மாவிடம் ஃபோனில் கேட்டாள். ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் கதைத்தார்கள். அந்த ஆசிரியர் கத்தோலிக்கர். என் பிள்ளையை மதம் மாற்றவில்லை. அவளுடைய சமயத்தின் வாசலுக்கே அவளை அனுப்பிவைத்தார். வளர்ப்பது என்றால் இதுதான்.

யாழ்ப்பாணத்தவருக்கு இது புதுக்கதை இல்லை. ஆறுமுக நாவலர் மிஷன் பாடசாலையில் படித்தவர், அங்கேயே கற்பித்தவர், பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர். பிறகு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மற்றவர்கள் தங்கள் சமயத்தை எவ்வளவு அக்கறையோடு கற்பித்தார்கள் என்பதைப் பார்த்தவர் அவர்.

கத்தோலிக்கத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஒரு சிக்கல் இருக்கு. பாடசாலையில் செபம் ஆங்கிலத்தில்; வீட்டில் அம்மம்மாவின் செபமாலை தமிழில்; மடு மாதாவைப் பற்றி வகுப்பில் யாரும் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்துக் கடவுள் வேறு, வீட்டுக் கடவுள் வேறு என்று பிள்ளை நினைத்தால் பிழை பிள்ளையில் இல்லை.

ஆரம்பப் பாடசாலைகளில் பெரும்பாலும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். அந்த ஒரு கடுதாசிக்காக மட்டும் ஞானஸ்நானம் எடுக்கிற கதைகளும் எங்கட ஆட்களுக்குள் உலாவுகின்றன. அப்படிச் செய்தால் சமயம் பற்றிப் பிள்ளை வீட்டில் படிக்கிற முதல் பாடம், அட்மிஷனுக்காக எதையும் சொல்லலாம் என்பதுதான். எந்த ஆசிரியராலும் அதைத் திருத்த முடியாது.

உயர்நிலையில் படிக்கிற கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள் விண்ணப்பித்துச் சமய நிகழ்ச்சிகளில் இருந்து விலக்குப் பெறலாம். திருப்பலிக்கும் தியான நாளுக்கும்கூட அது பொருந்தும் என்று 2014இல் ஒன்ராறியோ நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. இந்த உரிமையைத் தெரிந்து வைத்திருங்கள். எடுப்பதா விடுவதா என்பதைப் பிள்ளையோடு இருந்து கதைத்து முடிவெடுங்கள்.

பாடசாலைகளிடம் நான் கேட்பது இரண்டு. நம்பிக்கைக்குப் புள்ளி போடாதீர்கள். பிள்ளையின் கேள்விக்கு, அது எந்தச் சமயத்துப் பிள்ளை என்றாலும், நேரம் கொடுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பட்டம் பெற 40 மணித்தியாலச் சமூகசேவை வேண்டும். அதைத் தெரிந்தவரின் கையெழுத்தில் முடிக்காமல், உணவு வங்கியிலோ முதியோர் இல்லத்திலோ செய்ய விடுங்கள். இரவு சாப்பிடும்போது, "இண்டைக்கு ஆரைக் கண்டனி? என்ன கதைச்சவை?" என்று கேளுங்கள். அடுத்த பெற்றோர் சந்திப்பில் கணிதப் புள்ளியோடு நிறுத்தாமல், சமய ஆசிரியரின் மேசைக்கும் ஒருக்கால் போய் இருந்து கதையுங்கள்.