குறைபார்வையும் துணைக்கருவிகளும்

மாலைக்கண் என்றவுடன் முருங்கைக்கீரையையும் பப்பாளியையும் பரிந்துரைத்தல் நம் நாட்டார் இயல்பு. உயிர்ச்சத்து 'ஏ' குறைதலால் வரும் மாலைக்கண்ணுக்கு அவ்வுணவு நன்மை பயக்கும். ஆயின், பெற்றோர்வழி வரும் மாலைக்கண்ணும் ஒன்றுண்டு. அதனைக் கீரை தீர்க்காது. அந்நோயுடையார்க்கு உதவுவன யாவை என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

விழியின் பின்புறத்தமைந்த விழித்திரையில், மங்கிய ஒளியிற் காண்டற்குரிய கோலணுக்கள் ஏறத்தாழ 12 கோடியும், பகலொளியில் எழுத்தையும் நிறத்தையும் காட்டும் கூம்பணுக்கள் ஏறத்தாழ 60 இலக்கமும் உள. நிறமி விழித்திரை நோயிற் பெரும்பாலும் கோலணுக்களே முன்னர் அழிகின்றன. அதனால் முதற்கண் இரவுக்காட்சி மங்கும். பின்னர்ப் பக்கக்காட்சி சுருங்கி, குழாய்வழி நோக்குவார்போல் நடுவிடமே தெரியும். ஸ்டார்கார்ட் நோயிலோ நடுவிடம் மங்கி ஓரம் எஞ்சும்.

இந்நோய்கள் தொடரும் வழிகள் பல. அவற்றுள் ஒன்று, தாய் தந்தை இருவரும் தாம் நோயுறாமலே பழுதுற்ற மரபணுவைச் சுமந்திருத்தல். அங்ஙனமாயின் பிறக்கும் ஒவ்வொரு மகவுக்கும் நோய் வருதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. உறவில் மணத்தல் மிக்க தமிழ்நாட்டில் இது பெரிதும் கருதற்பாலது.

சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டு வட்டத்து வாழவந்தியை எண்ணுக. காப்பித்தோட்டத்து மரநிழலில் அந்தி விரைந்து கவியும். மலைப்பாதையோ மேடும் பள்ளமும் உடைத்து. ஆங்குக் குழாய்க்காட்சி உடையார் ஒருவர் உளரேல், பகலிற் செய்தித்தாள் படிப்பார். மாலையிற் கல்லில் இடறுவார். கண்டோர் அவர் நடிக்கின்றார் என ஐயுறவுங்கூடும். அவர்க்கு வேண்டுவன நல்ல கைவிளக்கும், நீண்ட வெண்கோலும், கண்கூச்சம் தணிக்கும் மஞ்சட் கண்ணாடியுமாம். உருப்பெருக்கி அவர்க்கு எஞ்ஞான்றும் உதவும் எனல் இயலாது. எழுத்து மிகப் பெரிதாயின் சொல்லின் ஒரு பகுதி குழாய்க்கு வெளியே போய்விடும்.

நடுவிடம் மங்கிய மாணவர்க்கோ உருப்பெருக்கியே உற்ற துணை. 20 டயாப்டர் ஆற்றலுடைய வில்லை, எழுத்தினின்று 5 சென்டிமீட்டர்த் தொலைவிற் பிடிப்பின், அதனை ஏறத்தாழ 5 மடங்கு பெரிதாக்கும். ஆற்றல் மிக மிகக் காட்சிப்பரப்புக் குறுகுமாதலின் அளவறிந்து கொள்ளல் வேண்டும். கரும்பலகைக்கு 6 மீட்டர் அப்பால் இருந்தவரை 2 மீட்டரில் அமர்த்தினாற் கண்ணில் விழும் உருவம் 3 மடங்காகும். இதற்குக் காசு வேண்டா. கறுப்பு அட்டையில் ஒரு வரியளவு திறப்பு வெட்டிப் புத்தகத்தின்மேல் வைத்தலும் கூச்சம் தணித்து வரி தவறாமற் காக்கும்.

2017-இல் அமெரிக்காவில் மரபணு மருத்துவம் ஒன்று ஒப்புதல் பெற்றது. எனினும் அஃது 'ஆர்.பி.இ.65' என்னும் மரபணுப் பழுதினர்க்கே உரியது. ஏனையோர்க்குத் துணைக்கருவியின் பயன் பெரிது. 1976-இல் மதுரையில் தோன்றிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1978-இல் சென்னையில் தோன்றிய சங்கர நேத்ராலயாவும் குறைபார்வைப் பணியும் ஆற்றுகின்றன. மலையடிவாரத்துச் சேலத்திலும் அரவிந்துக்குக் கிளையுண்டு.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் குருட்டினின்று குறைபார்வையை வேறு பிரித்தது. இயன்றவரை திருத்திய பின்னும், நலமிக்க கண்ணிற் காட்சிப்பரப்பு 40 பாகைக்குக் குறைந்து 10 பாகைவரை சுருங்கினும் அது குறைபார்வையே. ஆதலின் நம் வகுப்பில் ஒருவர் பலகையெழுத்தைப் படிக்க இடர்ப்பட்டாலும், அந்தியில் நம் தோளைப் பற்றி நடந்தாலும், நகையாது அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக. எஞ்சிய பார்வை எத்துணை, எப்பக்கத்தது என அளந்தறிந்த பின்னரே ஏற்ற கருவி கிட்டும்.