கெத்தும் இலை: மருந்தா, நஞ்சா?

செரண்டாவில் நான்காம் படிவ வகுப்பில் நரம்பு மண்டலம் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கையைத் தூக்கினான்.

"சார், கெடாவுல இருக்கிற எங்க தாத்தா சொல்வாரு. அந்தக் காலத்துல வயல்ல வேலை செஞ்சவங்க உடம்பு வலி போகக் கெத்தும் தண்ணி குடிப்பாங்களாம். அது வெறும் இலைதானே சார்? அதுக்கு ஏன் போலீஸ் பிடிக்குது?"

நல்ல கேள்வி. இலை என்பதால் ஒன்று தீங்கில்லாததாக ஆகிவிடாது. சட்டம் தடுக்கிறது என்பதால் அதில் ஆராய ஒன்றுமே இல்லை என்றும் ஆகிவிடாது. இரண்டையும் பார்ப்போம்.

காப்பியின் உறவுக்காரன்

கெத்தும் மரம் தென்கிழக்கு ஆசியாவுக்கு உரியது. தாய்லாந்தில் இதைக் 'கிராத்தோம்' என்பார்கள். காப்பிச் செடியும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம். இதன் அறிவியல் பெயர் மித்ராகைனா ஸ்பெசியோசா. பூவின் சூல்முடி கிறிஸ்தவப் பேராயர் அணியும் 'மைட்டர்' தொப்பியைப் போல் இருந்ததால், டச்சுத் தாவரவியலாளர் கோர்த்தால்ஸ் 1839இல் இந்தப் பேரினத்துக்கு மித்ராகைனா என்று பெயர் வைத்தார்.

மலாயாவில் ரப்பர் பயிரிடச் சொல்லித் தோட்ட முதலாளிகளை விடாமல் வற்புறுத்தியவர் ரிட்லி என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த அதே ரிட்லி, அபின் பழக்கத்தை விடுவதற்கு இந்த இலையைப் பயன்படுத்துகிறார்கள் என்று 1897இல் குறித்து வைத்திருக்கிறார். அபின் கிடைக்காதபோது அதற்குப் பதிலாக இந்த இலை என்ற வழக்கம் அன்றே இருந்தது. இந்தச் செய்தியில் ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது: அபினும் கெத்துமும் உடலில் ஒரே இடத்தைத் தொடுகின்றனவோ?

பூட்டும் சாவியும்

1921இல் எடின்பரோவில் எல்லன் ஃபீல்ட் என்ற பெண் வேதியியலாளர் இந்த இலையின் முக்கிய வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் மித்ராஜைனின்.

நம் மூளையிலும் தண்டுவடத்திலும் 'ஓபியாய்டு ஏற்பிகள்' என்னும் புரதங்கள் உள்ளன. இவற்றைப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பூட்டுக்கு உடலே செய்யும் சாவி எண்டார்ஃபின். சாவி பூட்டில் பொருந்தியதும் வலிச் செய்தியைக் கடத்தும் நரம்புகள் அடங்குகின்றன. அபினில் உள்ள மார்ஃபினும் இதே பூட்டில் பொருந்தி, அதை முழுவதுமாகத் திறக்கிறது. அதனால்தான் கடுமையான புற்றுநோய் வலிக்கும் மருத்துவமனையில் மார்ஃபின் கொடுக்கிறார்கள். ஆனால் மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியிலும் இதே பூட்டு உண்டு. மார்ஃபின் அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போகலாம்.

மித்ராஜைனினும் இந்தப் பூட்டில் பொருந்துகிறது. ஆனால் சாவி பாதிச் சுற்றுதான் சுற்றும். இப்படிப்பட்ட பொருளைப் 'பகுதித் தூண்டி' என்பார்கள். மூச்சை அவ்வளவாகப் பாதிக்காமல் வலியை மட்டும் குறைக்கும் மருந்து இதிலிருந்து கிடைக்குமா என்று அறிவியலாளர்கள் ஆராய்வதற்கு இதுவே காரணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் கல்லீரலில் உள்ள நொதி, மித்ராஜைனினில் ஒரு பகுதியை 7-ஹைட்ராக்ஸி மித்ராஜைனின் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. விலங்குகளில் செய்த சோதனைகளில் இது மார்ஃபினைவிடப் பல மடங்கு வலிமையாக இருந்தது. ஆகவே குடித்த பொருள் மட்டுமல்ல, உடல் அதை எதுவாக மாற்றுகிறது என்பதும் முக்கியம்.

பனிக்கட்டி நீரில் கை

"வலி போகுது" என்று பலர் சொன்னால் போதுமா? போதாது. மருந்து குடித்தோம் என்ற நம்பிக்கையே சிலருக்கு வலியைக் குறைத்துவிடும். அதைப் பிரித்துப் பார்க்க ஒரு சோதனை வேண்டும்.

அந்தச் சோதனை நம் நாட்டிலேயே நடந்தது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையத்தில், பேராசிரியர் விக்னசிங்கமும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. நெடுநாளாகத் தினமும் கெத்தும் குடித்துவந்த 26 ஆண்கள் அதில் பங்கேற்றனர். அவர்களுக்குக் கெத்தும் நீரும், அதே சுவையும் தோற்றமும் கொண்ட மருந்துப்போலி நீரும் மாறி மாறித் தரப்பட்டன. எது எப்போது தரப்படுகிறது என்பது குடிப்பவருக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. பிறகு பனிக்கட்டி நீரில் கையை வைக்கச் சொல்லி, வலி தொடங்கியதிலிருந்து கையை எடுக்கும்வரை எத்தனை விநாடி என்று அளந்தார்கள்.

கெத்தும் குடிக்கும் முன் சராசரி 11.2 விநாடி. குடித்து ஒரு மணி நேரத்துக்குப் பின் 24.9 விநாடி. மருந்துப்போலி குடித்தபோது முன்பு 15, பின்பு 12. அதாவது குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஆகவே இலையில் வலியைத் தாங்கவைக்கும் ஏதோ ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. தாத்தா சொன்னது வெறும் கதையல்ல.

ஆனால் கணிதப் பாடத்தை மறந்துவிடாதீர்கள். அந்த 24.9 விநாடியின் திட்ட விலக்கம் 39.4. சராசரியைவிட விலக்கம் பெரிது! சிலர் மிக நீண்ட நேரம் தாங்கினார்கள், மற்றவர்களிடம் அவ்வளவு மாற்றமில்லை என்பதே இதன் பொருள். பங்கேற்றவர்கள் 26 பேர்தான். பெண்கள் இல்லை. எல்லாரும் ஏற்கெனவே பழகியவர்கள். புதிதாகக் குடிப்பவருக்கோ நோயாளிக்கோ என்ன ஆகும் என்பதை இந்த எண்கள் சொல்லவில்லை. இன்னும் விரிவான ஆய்வு வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

இலைக்கும் மாத்திரைக்கும் நடுவே

ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்பது அட்டையில் அச்சிட்டிருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கும் கெத்தும் நீரில் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. மரத்துக்கு மரம், காய்ச்சலுக்குக் காய்ச்சல் அளவு மாறும். அதில் இருமல் மருந்தைக் கலந்து குடிக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இது மிகவும் ஆபத்து. பல மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதி ஒன்றை மித்ராஜைனின் தடுத்துவிடுகிறது. வெளியேற வேண்டிய மருந்து உடலிலேயே தேங்குகிறது. கெத்தும் தொடர்பான மரணங்களில் பெரும்பாலானவற்றில் வேறு மருந்துகளும் கலந்திருந்தன.

பழக்கம் அடுத்த ஆபத்து. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் தசைவலி, தூக்கமின்மை, மூக்கொழுகல், எரிச்சல் எல்லாம் வரும். வலி போகக் குடிக்கத் தொடங்கியவர், கடைசியில் குடிக்காவிட்டால் வலிக்கிறதே என்று குடிப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் மித்ராஜைனின் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் அபராதம், சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். அண்டை நாடான தாய்லாந்து 1943இல் இந்த இலைக்குத் தடை விதித்து, 2021இல் அதைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறலாம். நம் கல்லீரல் மாறுவதில்லை.

அந்த மாணவனிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, மார்ஃபினும் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். அதைப் பிரித்து, எடைபோட்டு, எவ்வளவு கொடுத்தால் வலி போகும், எவ்வளவு கொடுத்தால் உயிர் போகும் என்று கண்டுபிடித்த பிறகுதான் அது மருந்தாயிற்று. கெத்தும் இன்னும் அந்தப் பாதையில் பாதிகூடப் போகவில்லை."

யாராவது ஒரு பையை நீட்டி "இயற்கைதானே, குடி" என்றால், அதில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராது. நண்பர் யாராவது ஏற்கெனவே பழகிவிட்டிருந்தால் அவரைக் கேலி செய்யாதீர்கள். பள்ளியின் ஆலோசனை ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். மாறாக, அந்த இலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தால், வேதியியலை நன்றாகப் படியுங்கள். பினாங்கு ஆய்வகத்தில் பாக்கியிருக்கும் வேலை நிறைய.