கூழாங்கல் குடைந்த பாறைத் தொட்டிகள்

ஜொகூர் மாநிலத்தின் செடெனாக் செம்பனைத் தோட்டங்களில் ஆறு பார்த்து வளர்ந்தவர்களுக்குச் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே நதி ஓடும் காட்சி சினிமாவில்தான் கிடைத்திருக்கும். ஜொகூரில் ஆறுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கிராண்ட் கேன்யன் போன்ற பெரும் பிளவு ஒன்றுகூட இல்லையே, ஏன்?

முக்கியக் காரணங்களில் ஒன்று மழை. இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து பாறையிலுள்ள கனிமங்களை மெல்ல மெல்லக் களிமண்ணாக்கிவிடும். ஆறு அடியில் அறுக்க அறுக்க, உளுத்துப்போன கரைகள் சரிந்து விழும். சரிந்த இடத்தைக் காடு மூடிக்கொள்ளும். பள்ளத்தாக்கு ஆழமாவதற்குள் அகன்றுவிடுகிறது. கொலராடோ ஆறு வெட்டிய கிராண்ட் கேன்யன் என்ற 446 கிலோமீட்டர் நீளப் பள்ளம், 1.8 கிலோமீட்டர் ஆழத்துக்குச் சுவர் சுவராக நிற்பதற்கு அங்குள்ள வறட்சியும் ஒரு முக்கியக் காரணம்.

ஆனாலும் பாறையை ஆறு எப்படி அறுக்கிறது என்பதை ஜொகூரிலேயே பார்க்கலாம். குளுவாங் பக்கம் போய், கஹாங்கிலிருந்து காட்டுப் பாதையில் கம்போங் பெத்தாவை அடைந்தால் எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்கா. அங்கே எண்டாவ் ஆற்றின் துணையாறான ஜாசின், உப்பே குலிங் நீர்வீழ்ச்சியில் கடினமான எரிமலைப் பாறைமேல் பாய்கிறது. ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகள் பழைய பாறை அது, எளிதில் உளுத்துப்போகாது.

அந்தப் பாறை முழுக்கக் குழிகள். சிலவற்றில் ஓர் ஆள் இறங்கிக் குளிக்கலாம். இவற்றைத் தண்ணீர் தனியாகக் குடையவில்லை. பாறையின் சிறு பள்ளத்தில் சிக்கும் கூழாங்கல், சுழலில் அகப்பட்டு, ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவது போலச் சுற்றித் தேய்க்கிறது. கல் தேய்ந்து மணலாகும். அடுத்த வெள்ளம் வேறொரு கல்லைக் கொண்டுவரும். பக்கத்துப் பக்கத்துக் குழிகள் அகன்று ஒன்றோடொன்று உடைந்து சேரும்போது ஆற்றுக்குப் புது வாய்க்கால் திறக்கிறது. பெரிய பாறைப் பள்ளத்தாக்குகளின் அடித்தளத்திலும் இதே வேலைதான் நடக்கிறது.

எரிமலைப் பாறையோடு கதை முடியவில்லை. இதே பூங்காவின் ஜானிங் பாராட் ஒரு மணற்கல் மேட்டுநிலம். அதன் உச்சியில் விசிறி போல இலை விரிக்கும் பனைகள் கூட்டமாக நிற்கின்றன.

இதெல்லாம் தப்பிப் பிழைத்ததே பெரிய விஷயம். 1977இல், பகாங்கிலும் பரவியிருக்கும் இந்தக் காட்டின் மையப் பகுதியில் மரம் வெட்ட அந்த மாநிலம் அனுமதி கொடுத்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால்தான் அது நின்றது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூங்கா வழக்கமாக மூடப்படும். கற்கள் உருண்டு குழிகளைக் குடைவது முக்கியமாக அந்தக் காலத்து வெள்ளத்தில்தான். மற்ற மாதங்களில் போகிறவர்களும் வானம் வெளுத்திருக்கிறதே என்று நம்பித் தொட்டிகளில் இறங்கிவிடக் கூடாது. மேலே எங்கோ பெய்த மழை, மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்று அஞ்சும் திடீர் வெள்ளமாகச் சில நிமிடங்களில் வந்து சேரும்.