ஆளில்லாத ராக்கெட்டில் காராமணி முளைத்த கதை

இன்னைக்கு நாம பேசப்போறது எட்டே எட்டு காராமணி விதைகளைப் பத்தி. சில ஊர்ல தட்டைப்பயறுன்னு சொல்வாங்களே, அதேதான்.

2024 டிசம்பர் 30 ராத்திரி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி60 கிளம்பியது. எல்லாரும் அது கொண்டுபோன ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களைப் பத்தியே பேசினாங்க. அதே ராக்கெட்ல 'க்ராப்ஸ்'னு ஒரு சின்னப் பெட்டியும் போச்சு. திருவனந்தபுரத்தில் இருக்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய பெட்டி. விதைகள் அதுக்குள்ளதான் இருந்தது.

செயற்கைக்கோள்களை இறக்கிவிட்ட பிறகு ராக்கெட்டோட நாலாவது அடுக்குக்கு வேலை முடிஞ்சுது. வழக்கமா அது விண்வெளிக் குப்பை. இஸ்ரோ அதையே கொஞ்ச நாளைக்கு ஆய்வுக்கூடமா சுத்த விடுது. அதுக்குப் பேர் 'போயம்'.

சரி, விதையை மேல அனுப்புறதுல அப்படி என்ன கஷ்டம்? தண்ணிதான்!

நம்ம வீட்டுத் தொட்டியில ஊத்துற தண்ணி கீழே இறங்கிடும். மண்ணுக்குள்ள இருக்கிற இடைவெளியில காத்து புகும், வேர் மூச்சு விடும். மேலே, எடையே இல்லாத நிலையில, தண்ணி இறங்காது. பரப்பு இழுவிசையால வேரைச் சுத்தி அப்படியே ஒட்டிக்கும். குறைஞ்சா செடி வாடும். கூடினா வேருக்கு மூச்சு முட்டும். சூடான காத்தும் தானா மேலே எழும்பாது. ஃபேன் ஓடலைன்னா இலையைச் சுத்தி ஈரம் தேங்கிடும்.

இது சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே நடந்திருக்கு. 2015 கடைசியில அங்க வளர்த்த ஜின்னியா செடிகள்ல ஈரம் அதிகமாகி பூஞ்சை பிடிச்சுது. ஃபேன் வேகத்தைக் கூட்டினதும் செடி காய ஆரம்பிச்சுது. கடைசியில நாசா ஒரே ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்து, எப்போ தண்ணி ஊத்துறதுங்கிற முடிவை விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லிகிட்டயே விட்டுட்டாங்க. 2016 ஜனவரியில பூ பூத்தது.

ஆனா போயத்துல பக்கத்துல நின்னு பார்க்க ஆளே கிடையாது. அதனால க்ராப்ஸ் ஒரு மூடிய பெட்டி. காத்து புகுற மாதிரி நுண்துளை உள்ள களிமண், அதுல மெதுவா கரையுற உரம், வெயிலுக்குப் பதிலா எல்இடி. பூமியிலிருந்து கட்டளை போனா வால்வு திறந்து தண்ணி விடும். கேமராவும் சென்சார்களும் செடி எப்படி இருக்குன்னு சொல்லும். சர்வர் படுத்தா நாங்க ரீஸ்டார்ட் பண்ணுவோம். காஞ்சுபோன முளைக்கு ரீஸ்டார்ட் பட்டன் இல்ல.

நாலாவது நாள் விதை முளைச்சுது. அப்புறம் இலையும் விட்டுது.

உடனே 'விண்வெளி விவசாயம் வந்தாச்சு'ன்னு குதிக்க வேண்டாம். முளைக்கிறதுக்குத் தேவையான சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கு. பூத்து, காய்ச்சு, அந்தக் காயோட விதை மறுபடி முளைச்சாதான் விவசாயம். இங்க ஜெயிச்சது அந்தப் பெட்டி. ஆளே இல்லாம சூட்டையும் ஈரத்தையும் ஒரு செடி பிழைக்கிற அளவுக்குக் காப்பாத்திச்சு. நிலாவுக்கோ செவ்வாய்க்கோ மனுஷங்க போறதுக்கு முன்னாடியே அங்க கீரை வளரணும்னா, முதல்ல இது கைவரணும்.

போயம் 2025 ஏப்ரல் 4 அன்று வளிமண்டலத்துக்குள்ள நுழைஞ்சு இந்தியப் பெருங்கடல்ல விழுந்தது. செடி திரும்பி வரலை, தரவு வந்துடுச்சு.

அடுத்த தடவை விண்வெளியில செடி வளர்ந்ததுன்னு செய்தி வந்தா, முதல்ல இதைக் கேளுங்க: தண்ணி ஊத்தினது யாரு?