ஆளில்லா நிலையத்தின் திசைவி: புதுக்கோட்டைக் கண்மாய்களை முன்வைத்துத் தொலைக் கண்காணிப்பு வலையமைப்பின் அமைவுமுறை

ஆய்வுச் சுருக்கம்

நீர்மட்டத்தைத் தொலைவிலிருந்து அளக்கும் சிறு வலையமைப்பில், அளவிடும் இடத்தையும் மைய அலுவலகத்தையும் இணைப்பது ரூட்டர் எனப் பரவலாக அறியப்படும் திசைவியாகும். வீட்டுத் திசைவிக்குப் போதுமான அமைவுகள் ஆளில்லா நிலையத்திற்குப் போதா. இணைப்பு அறுபடும் வேளையையே அடிப்படையாகக் கொண்டு அத்திசைவியை அமைக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திசைவி, தொலைக் கண்காணிப்பு, கண்மாய், தரவுப் பதிவி, புதுக்கோட்டை.

முன்னுரை

வற்றாத ஆறில்லாத புதுக்கோட்டை மாவட்டத்தில் வேளாண்மை பெரிதும் கண்மாய்களையும் நிலத்தடி நீரையும் சார்ந்தது. மேல் கண்மாயின் கலிங்கில் வழியும் நீர் கீழ்க் கண்மாயை அடையும் சங்கிலி அமைப்பு இங்குப் பரவலாக உள்ளது. எனவே மேலே நீர் உயர்வதைக் கீழே உள்ளவர்கள் முன்னரே அறிவது இன்றியமையாதது. தென்மாவட்டங்களில் நீர்பாய்ச்சி என அழைக்கப்பட்டவர் கரையில் நின்று கவனித்த இப்பணியை, இன்று உணரியும் தரவுப் பதிவியும் செய்ய இயலும். 2016ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய நீரியல் திட்டமும் இத்தகைய தன்னியக்க அளவீட்டை ஊக்குவித்தது.

2018 நவம்பர் 16ஆம் நாள் கரை கடந்த கஜா புயல் இம்மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. பல சிற்றூர்கள் பல நாள்கள் மின்சாரமின்றி இருந்தன. கைப்பேசித் தொடர்பும் பாதிக்கப்பட்டது. அளவீடு மிகவும் தேவைப்படும் நாளும் இணைப்பு அறுபடும் நாளும் பெரும்பாலும் ஒன்றே என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. நான்கைந்து கண்மாய்களில் நிலையங்கள் நிறுவப்படுவதாகக் கொண்டு, திசைவியின் அமைவுகள் கீழே விளக்கப்படுகின்றன.

முகவரி அமைப்பு

பெரும்பாலான திசைவிகள் 192.168 எனத் தொடங்கும் ஒரே மாதிரியான உள் முகவரிகளுடன் விற்கப்படுகின்றன. எல்லா நிலையங்களிலும் அதே வரிசை இருப்பின், அவற்றை மையத்துடன் இணைக்கும்போது எந்த முகவரி எந்தக் கண்மாய்க்குரியது என்பதில் மோதல் எழும். எனவே முதல் நிலையத்திற்கு 10.20.1, இரண்டாவதற்கு 10.20.2 என நிலையத்திற்கொரு தனி வரிசையைத் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும்.

உள்ளிருந்து வெளியே செல்லும் இணைப்பு

கைப்பேசி நிறுவனங்கள் பொதுவாகப் பல பயனர்களை ஒரே பொது முகவரியின் பின்னே வைக்கின்றன. இதற்கெனவே 2012இல் 100.64 எனத் தொடங்கும் முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டது. இந்நிலையில் அலுவலகத்திலிருந்து நிலையத்தை நேரடியாக அழைக்க இயலாது. நிலையத் திசைவியே மைய வழங்கிக்கு மறையாக்கப்பட்ட இணைப்பை ஏற்படுத்த வேண்டும். வி.பி.என். எனப்படும் இம்முறைக்கு வயர்கார்டு போன்ற மென்பொருள்கள் பயன்படுகின்றன. இதனால் வெளியிலிருந்து வரும் அழைப்புகள் அனைத்தையும் தடுத்துவிடலாம்.

இத்தடுப்பின் தேவையை 2016இல் பரவிய மிராய் தீநிரல் காட்டியது. தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொற்கள் மாற்றப்படாத திசைவிகளையும் கண்காணிப்புப் படக்கருவிகளையும் அது கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அக்கருவிகளைக் கொண்டு நடந்த தாக்குதலில் புகழ்பெற்ற பல இணையதளங்கள் முடங்கின. எனவே நிலையத்திற்கொரு தனிக் கடவுச்சொல் இட வேண்டும்.

நேரம்

கடிகார மின்கலம் இல்லாத திசைவி, மின்சாரம் போய் வந்தபின் பழைய தேதியுடன் எழக்கூடும். வயர்கார்டு இணைப்பு நேரமுத்திரையைச் சரிபார்ப்பதால், முந்தைய இணைப்பைவிடப் பழைய நேரம் காட்டும் கருவியை மைய வழங்கி ஏற்காது. நேரத்தைச் சரிசெய்யும் சேவையையும் அந்த இணைப்பின் வழியாகவே பெறுமாறு அமைத்திருந்தால், நேரமின்றி இணைப்பில்லை, இணைப்பின்றி நேரமில்லை என்ற முட்டுநிலை தோன்றும். ஆகவே நேரச் சேவையை அவ்விணைப்பிற்கு வெளியே பெறுமாறு அமைக்க வேண்டும்.

மின்சாரமும் தரவும்

5 வாட் எடுக்கும் திசைவி ஒரு நாளில் 120 வாட்-மணி செலவிடும். 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி ஈய அமில மின்கலத்தின் 480 வாட்-மணியில் பாதியையே பயன்படுத்துவது நலம் என்பதால், வெயிலற்ற மழைநாளில் அது இரண்டு நாள்களே தாங்கும். மணிக்கு 5 நிமிடம் மட்டும் திசைவியை இயக்கினால் நாளொன்றுக்கு 10 வாட்-மணி போதும். திசைவியை மட்டும் கணக்கிட்டால், அதே மின்கலம் கோட்பாட்டளவில் 24 நாள்கள் தாங்கும். நீர் கலிங்கு மட்டத்தை நெருங்கும்போது மட்டும் திசைவி தொடர்ந்து இயங்குமாறு தரவுப் பதிவியில் நிரல் அமைக்கலாம்.

15 நிமிடத்திற்கொரு முறை 200 பைட் அளவீடு எனில் ஒரு நாளில் 96 அளவீடுகள், ஏறத்தாழ 19 கிலோபைட். திசைவி தொடர்ந்து இயங்கும் வேளையில் இணைப்பு உயிர்ப்புடன் இருக்க 25 நொடிக்கொரு முறை அனுப்பும் 60 பைட் துணுக்குகளோ நாளொன்றுக்கு 200 கிலோபைட்டைத் தாண்டும். சிறு தரவுத் திட்டத்தைத் தேர்வோர் இதனையும் கணக்கிட வேண்டும்.

தானே மீளும் திறன்

தொடர்ந்து இயங்கும் திசைவி, இணைப்பு அறுந்தால் முதலில் மீண்டும் இணைய முயல வேண்டும். பின்னர் கைப்பேசி மோடத்தை மறுதொடக்கம் செய்ய வேண்டும். இறுதியில் தன்னையே அணைத்து எழ வேண்டும். ஆனால் ஒரே ஒரு வழங்கியை மட்டும் சோதித்தால், அவ்வழங்கி பழுதடையும் நாளில் எல்லா நிலையங்களும் ஓயாது அணைந்து எழும். தொடர்பற்ற இரு முகவரிகளைச் சோதிப்பதும், முயற்சிகளுக்கிடையிலான இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டுவதும் இதனைத் தவிர்க்கும். தொலைவிலிருந்து அமைவை மாற்றும்போது, குறித்த நேரத்தில் உறுதி செய்யாவிடில் பழைய அமைவே திரும்புமாறு செய்தல் வேண்டும். இன்றேல் ஒரு பிழையான கட்டளைக்காகக் கண்மாய்க் கரை வரை செல்ல நேரும்.

இணைப்பில்லாத வேளையில் தரவுப் பதிவி அளவீடுகளை உரிய நேரக்குறிப்புடன் சேமித்து, பின்னர் அனுப்ப வேண்டும். அலுவலகத் திரையோ இறுதியாக வந்த அளவை இன்றைய அளவுபோல் காட்டக்கூடாது. எவ்வளவு நேரமாகத் தரவு வரவில்லை என்பதையும் காட்ட வேண்டும். நீர் உயர்ந்துகொண்டிருக்க, பழைய எண் திரையில் நிற்குமாயின் அது அளவீடே இல்லாததைவிடத் தீங்கானது. கரையில் ஒலிக்கும் எச்சரிக்கைச் சங்கும் வலையமைப்பைச் சாராது, உணரியிலிருந்தே இயங்க வேண்டும்.

முடிவுரை

தனி முகவரி, வெளிநோக்கிய மறையாக்க இணைப்பு, சரியான நேரம், சிக்கனமான மின்பயன்பாடு, தானே மீளும் திறன் ஆகியவை ஆளில்லா நிலையத் திசைவியின் அடிப்படைத் தேவைகளாகும். நிறுவிய பின் இணைப்பு கிடைக்கிறதா எனப் பார்ப்பதோடு சோதனை முடிவதில்லை. மின்சாரத்தைத் துண்டித்தும், சிம் அட்டையைக் கழற்றியும், மைய வழங்கியை நிறுத்தியும் நிலையம் தானே மீள்கிறதா எனப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே இச்சோதனை முடிந்திருப்பின், கீழ்க் கண்மாய் ஊர்கள் அவ்வளவீட்டை நம்ப இயலும்.