சக்கரம் கடல்நீரைக் குடிப்பதேன்?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரைக்கு டிரெய்லரில் ஒரு படகு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வந்ததும் சக்கரத்தின் நடுவே தொட்டுப் பாருங்கள். மாட்டுவண்டியில் 'குடம்' என்பார்களே, அந்தப் பகுதி சுடும். உள்ளே பேரிங் உருளைகள் சுழன்றதால் உண்டான வெப்பம் அது.

சூடு ஆறாமலே கடலில் இறக்கினால்? குடத்திலுள்ள காற்று 60 டிகிரி செல்சியஸிலிருந்து 27க்குக் குளிர்ந்தால், சார்லஸ் விதிப்படி பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இடத்துக்கு, தேய்ந்த சீல் வழியே உப்புநீர் உறிஞ்சப்படும். கிரீஸ் பால்போல் வெளுக்கும். உருளைகளில் துரு குழி பறிக்கும். பிறகு ஒருநாள் நடுச்சாலையில் சக்கரம் இறுகும், கழன்றும் ஓடலாம்!

குடம் ஆறும்வரை காத்திருங்கள். பலருக்கு அந்தப் பொறுமைதான் இல்லை. அவ்வப்போது ஜாக்கியால் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் பேரிங்கை மாற்ற வேண்டியதுதான். சீலும் வெளிவளையமும் புதிதாகவே இருக்கட்டும். பழைய வளையத்தின் குழிகள் புது உருளைகளையும் அரித்துவிடும்.