நாலுக்கு ஏழு

தாம்பரத்தை ஒட்டிய சேலையூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் பக்கம் அரை கிரவுண்டில் வீடு கட்டுகிறவர்கள் பிளானை விரித்ததும் முதலில் கேட்பது, ஹால் எத்தனைக்கு எத்தனை என்றுதான். அடுத்து பெட்ரூம், பிறகு கார் நிற்குமா, பூஜை அறை எந்த மூலையில். எல்லாம் போக மிஞ்சிய கட்டத்தில் ‘டாய்லெட், 4-க்கு 7’ என்று எழுதிவிடுவார்கள். 1,200 சதுர அடி மனையில் நாலு பக்கமும் இடம் விட்ட பிறகு இதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த 28 சதுர அடிக்குத்தான் காலை ஏழு மணிக்கு வீட்டில் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள்.

இந்த அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. குளியலும் கழிப்பறையும் ஒரே அறையில் என்றால் குறைந்தது 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. ஏறக்குறைய 30 சதுர அடி. நாலுக்கு ஏழு அதில் இரண்டு சதுர அடி குறைவு. அதுவும் செங்கல்லுக்குச் செங்கல் அளந்தால்தான். பூச்சு, அதன்மேல் கலவை, அதன்மேல் டைல்ஸ் என்று இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து இரண்டு, இரண்டரை அங்குலத்தை விழுங்கிவிடும். நாலடி என்று காகிதத்தில் இருந்தது கடைசியில் மூன்றே முக்கால் அடி சொச்சம். பிளானில் உள்ள அளவு டைல்ஸுக்கு முன்பா, பின்பா என்று மேஸ்திரியிடம் கேட்பவர்கள் குறைவு. சுவர் எழும்புவதற்கு முன் கேட்டால் காசு செலவில்லை.

இடத்தை அதிகம் தின்பது எது என்று பார்த்தால், குளோசெட்டைவிடக் கதவுதான். இரண்டரை அடிக் கதவு உள்பக்கம் திறந்தால் அது சுழல ஐந்து சதுர அடி வேண்டும். அறையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். அந்த இடத்தில் வாளி வைக்க முடியாது, பேசின் மாட்ட முடியாது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டிவிட்டால் அத்தனையும் மிச்சம். இதில் இன்னொரு விஷயமும் உண்டு: வயதானவர் உள்ளே வழுக்கி விழுந்து கதவை அடைத்தபடி கிடந்தால், உள்ளே திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. நடைவழி குறுகலாக இருக்கிற வீட்டில் ஸ்லைடிங் கதவு போடலாம். மடக்குகிற பி.வி.சி. கதவு விலை மலிவு, ஆனால் சில வருடங்களில் கீல் தளர்ந்து தொங்கும்.

குளோசெட்டுக்கு வருவோம். தரையில் நிற்கிற, பின்னால் ஃப்ளஷ் டேங்க் ஒட்டிய ரகம் சுவரிலிருந்து 26, 28 அங்குலம் வரை முன்னால் நீளும். சுவரில் தொங்குகிற ரகம் 20, 21 அங்குலத்தோடு நின்றுவிடும். அரை அடி லாபம் என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் டேங்கைச் சுவருக்குள் புதைத்தால்தான் அந்த லாபம். நாலரை அங்குலச் சுவரில் அதற்கு ஆழம் கிடையாது. சுவருக்கு முன்னால் ஒரு பெட்டி கட்டி டேங்கை மறைத்தால், வந்த அரை அடி அப்படியே திரும்பிப் போய்விடும். கூடுதல் பணம் கொடுத்து வாங்கியதற்கு, பெட்டியின் தலையில் சோப்பும் ஷாம்பூவும் வைக்க ஒரு திட்டு கிடைக்கும், அவ்வளவுதான். கீழே தரை தெரிவதால் கூட்டித் துடைக்க எளிது என்பதை மட்டும் மறுக்க முடியாது.

ஒரே ஒரு பாத்ரூம் உள்ள வீட்டுக்கு இதைவிடப் பெரிய யோசனை ஒன்று விதிப் புத்தகத்திலேயே ஒளிந்திருக்கிறது. தனிக் குளியலறைக்கு 1.8 சதுர மீட்டர், தனிக் கழிப்பறைக்கு 1.1. கூட்டினால் 2.9. சேர்த்துக் கட்டினால் 2.8. அதாவது பிரித்துக் கட்ட விதிப்படி கூடுதலாகத் தேவை வெறும் 0.1 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒரு சதுர அடி. அத்தோடு நடுவில் ஒரு சுவர், ஒரு கதவு. மூன்றுக்கு நாலில் கழிப்பறை, நாலுக்கு ஐந்தில் குளியலறை என்று கட்டினால், டைல்ஸ் ஒட்டியபின் அந்த அளவு நிற்கிற மாதிரி பார்த்துக்கொண்டால், ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் காத்திருக்க வேண்டியதில்லை. கை கழுவும் பேசினை, வழக்கம்போலச் சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் வெளியே மாட்டிவிட்டால் மூன்றாமவர் பல் தேய்க்கலாம். காலையில் சென்னை பீச் ரயிலைப் பிடிக்க ஓடுகிற வீட்டில் இதன் மதிப்பு தெரியும். கொல்லையில் தனித்தனியாக இருந்த இரண்டையும் ‘அட்டாச்டு’ என்ற ஆசையில் ஒன்றாக்கியது ஊர் முழுக்கப் பரவிய பழக்கம். இரண்டாவது பாத்ரூம் இருக்கிற வீட்டுக்கு அது சரி.

சின்ன இடத்தில் குளியலறையை அடக்குவதில் ஜப்பானியர்கள் கெட்டிக்காரர்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஹோட்டல் நியூ ஒட்டானியை அவசரமாகக் கட்டியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளுக்கு ஒவ்வொன்றாகக் குளியலறை பூசிக்கொண்டிருக்க நேரமில்லை. டோட்டோ நிறுவனம் தொழிற்சாலையிலேயே பாகங்களைச் செய்து கொண்டுவந்து பொருத்தியது. பின்னால் அந்த முறை அடுக்குமாடி வீடுகளுக்கும் போனது. அங்கே ‘1216’ என்றால் 120 சென்டிமீட்டருக்கு 160 சென்டிமீட்டர். தொட்டியோடு கூடிய குளியலறையே 21 சதுர அடிக்குள் அடங்கிவிடும். குடும்ப வீடுகளில் கழிப்பறை பெரும்பாலும் தனி.

தென்சென்னையிலேயே இதைவிட நெருக்கடியான கணக்கும் உண்டு. 2000-த்தில் குடியேற்றம் தொடங்கிய அரசு மறுகுடியமர்வுக் குடியிருப்பான கண்ணகி நகரில் ஆரம்பகால வீடுகள் 195 சதுர அடி. நாலுக்கு ஏழு பாத்ரூம் அந்த வீட்டில் ஏழில் ஒரு பங்கைக் கேட்கும். குறைந்த வருமானக் குடியிருப்புகளுக்கு விதியே 1.8 சதுர மீட்டர் வரை இறங்கி வருகிறது. அந்த அளவில் டிசைன் என்று பேச ஒன்றும் மிஞ்சாது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது மட்டும் மிஞ்சும்.

இனி தண்ணீர். பத்திரிகைப் படங்களில் சின்ன பாத்ரூம் என்றாலே நடுவில் கண்ணாடித் தடுப்பு நிற்கும். போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கிற புறநகரில் அது வேலைக்கு ஆகாது. உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்தால் ஒரே மாதத்தில் கண்ணாடி பால் படிந்ததுபோல் ஆகிவிடும். ஷவர் துளைகளும் அடைபடும். இங்கே பெரும்பாலோர் வாளியும் மக்குமாகக் குளிப்பவர்கள். குளிக்கிற பக்கம் ஒரு அங்குல கிரானைட் பட்டையைத் தரையில் பதித்துச் சரிவைச் சரியாகக் கொடுத்தால் மற்ற பாதி ஈரமாகாது. டைல்ஸ் நிறத்திலும் இதே கதை. கறுப்பில் உப்பு வெள்ளையாகத் தெரியும், தூய வெள்ளையில் இரும்புச் சத்துள்ள தண்ணீர் மஞ்சள் கோடு போடும். இளஞ்சாம்பலும் சந்தன நிறமும் இரண்டையும் பொறுத்துக்கொள்ளும்.

கழிவுநீர் போகிற வழியையும் பார்க்க வேண்டும். ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானாலும், பாதாளச் சாக்கடை எட்டாமல் செப்டிக் டேங்கை நம்பியிருக்கிற தெருக்கள் நிறைய. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் மாடிப்படிக்குக் கீழே பாத்ரூம் வைக்கும்போது ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கிறார்கள். படிக்குக் கீழே இடம் மிச்சம்தான். ஆனால் தலை இடிக்காமல் நிற்க ஏழடி உயரம் வேண்டும் என்று தரையைத் தாழ்த்தினால், செப்டிக் டேங்க் நிரம்பும் நாளில் கழிவுநீர் முதலில் எட்டிப் பார்ப்பது அந்தக் குளோசெட்டில்தான். தாழ்த்தியே ஆக வேண்டுமென்றால் வெளியே போகிற குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம்.

டைல்ஸ் ஒட்டத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போட்ட சங்கன் ஸ்லாப்பில் வாட்டர்புரூஃபிங் காய்ந்ததும் தண்ணீரை நிரப்பி இரண்டு நாள் நிறுத்தி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பது ஒன்று. சுவரில் குழாய் ஓடுகிற பாதையை, அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்து, மொபைலில் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்னொன்று. பின்னால் கீசர் மாட்டவோ, பெரியவர்களுக்குக் கைப்பிடி வைக்கவோ வருகிறவர், டிரில்லை எங்கே வைக்கலாம் என்று அந்தப் படத்தைத்தான் கேட்பார்.